மார்புக்குள் ஒரு மெஷின்: டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதாமல் விட்டவை

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இதயத் துடிப்பு திடீரென்று தாறுமாறாகும்போது தானே மின்அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் கருவியை ஒரு நோயாளிக்கு வெற்றிகரமாகப் பொருத்தியது பற்றிய செய்தியைத் தங்கள் நாளிதழில் பார்த்தேன். மருத்துவக் குழுவினர் வரிசையாக நிற்கும் படம், நடுவில் நோயாளிக்குச் சால்வை. மகிழ்ச்சி. 'நோயாளி நலமுடன் வீடு திரும்பினார்' என்று முடித்திருந்தீர்கள். வீடு திரும்பியவருக்கு முதல் ஷாக் அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாராவது சொல்லி அனுப்பினார்களா? எனக்குச் சொல்லவில்லை. செக்கப் வரிசையில் என்னோடு உட்காருபவர்களில் பலருக்கும் சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் கோவை கணபதியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவன். வயது 58. ஐ.டி.ஐ. முடித்த நாளிலிருந்து செப்புக் கம்பியோடும் வார்னிஷ் வாசனையோடும் காலம் ஓடிவிட்டது. 2018 இறுதியில் மாரடைப்பு வந்தது. ஸ்டென்ட் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போய்விட்டது. எக்கோ எடுத்தால் பம்பிங், அதாவது கீழறையில் நிறையும் ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு வெளியே தள்ளும் பங்கு, 28 சதவீதம். 55க்கு மேல் இருப்பதுதான் சாதாரணம் என்றார்கள். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டும் 35ஐத் தொடவில்லை. அப்படி இருப்பவர்களுக்குத் தழும்பு விழுந்த தசையிலிருந்து கோளாறான துடிப்பு கிளம்பி, இதயத்தின் கீழறை வெறுமனே அதிர்ந்துகொண்டு நின்றுவிடலாம். சில நிமிடங்களில் கதை முடிந்துவிடும். அதைத் தடுக்கத்தான் ஐ.சி.டி. என்ற இந்தக் கருவி. 2019இல் இடது காறை எலும்புக்குக் கீழே எனக்கு வைத்தார்கள்.

டிஸ்சார்ஜ் அன்று ஆங்கிலத்தில் ஒரு கையேடு, ஆங்கிலத்தில் ஒரு அடையாள அட்டை, மாத்திரைச் சீட்டு, அடுத்து வரவேண்டிய தேதி ஆகியவற்றைக் கையில் கொடுத்தார்கள். இடது கையைச் சில வாரங்களுக்குத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது, செல்போனைச் சட்டைப் பையில் வைக்கக் கூடாது என்று நர்ஸம்மா சொன்னார். மெஷின் எப்படி வேலை செய்யும் என்று கேட்டேன். "அது தானாகவே பார்த்துக்கொள்ளும் சார்" என்று பதில் வந்தது. ஒரு விவசாயிக்கு மோட்டாரும் ஸ்டார்ட்டரும் மாட்டிக் கொடுத்தால், எந்தப் பட்டனை எப்போது அமுக்க வேண்டும், டிரிப் ஆனால் எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று சொல்லாமல் நான் அங்கிருந்து கிளம்புவதில்லை.

பிறகு செக்கப்புக்கு வரும், மெஷின் தயாரித்த கம்பெனியின் பையனைத் துளைத்தெடுத்துத்தான் விவரம் தெரிந்துகொண்டேன். உள்ளங்கைக்குள் அடங்கும் டைட்டானியம் பெட்டி, சுமார் 70 கிராம். உள்ளே மூன்று வோல்ட் அளவுக்கு ஒரு லித்தியம் பேட்டரி, ஒரு சின்னக் கணினி, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கண்டன்சர்கள். பெட்டியிலிருந்து ஒரு ஒயர் ரத்தக்குழாய் வழியாக இறங்கி இதயத்தின் வலது கீழறைச் சுவரில் பதிந்திருக்கிறது. ஒவ்வொரு துடிப்பையும் மெஷின் அதன் வழியாகக் கவனிக்கிறது. துடிப்பு தறிகெட்டு வேகமெடுத்தால், முதலில் அதைவிடச் சற்று வேகமாகச் சின்னத் தூண்டல்களைக் கொடுத்து வழிக்குக் கொண்டுவரப் பார்க்கும். இது வலிக்காது. பலருக்கு நடந்ததே தெரியாது. அதற்கும் அடங்காவிட்டால் கண்டன்சரை ஏற்றும். மூன்று வோல்ட் பேட்டரியிலிருந்து சுமார் பத்து விநாடியில் 700 வோல்ட்டுக்கு மேல் ஏற்றி, 35, 40 ஜூல் வரைக்கும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் இதயத்தில் இறக்கிவிடும். மின்சாரத்தோடு புழங்குகிறவன் என்பதால் இதைக் கேட்டபோது எனக்குப் பயத்தைவிட மரியாதைதான் அதிகம் வந்தது.

இதை உருவாக்கியவரைப் பற்றியும் தேடிப் படித்தேன். மிஷேல் மிரோவ்ஸ்கி, போலந்தில் பிறந்த மருத்துவர். தன் குருவாக இருந்த மூத்த மருத்துவர் இதே துடிப்புக் கோளாறில் இறந்துபோனதுதான் அவரை இந்த வேலையில் இறக்கியது. அமெரிக்காவின் பால்டிமோரில் மோர்ட்டன் மோவர் என்ற மருத்துவருடன் சேர்ந்து பல ஆண்டுகள் உழைத்தார். பெயர்பெற்ற இதய நிபுணர்களே எதிர்த்து எழுதினார்கள். 1980 பிப்ரவரியில் அதே ஊரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அன்று அந்தப் பெட்டி ஏறக்குறைய கால் கிலோ. மார்பைத் திறந்துதான் வைக்க வேண்டும், பெட்டிக்கு இடம் வயிற்றில். கருவி அவ்வளவு தூரம் வளர்ந்துவிட்டது. அதை நோயாளிக்கு விளக்கிச் சொல்வதுதான் வளரவே இல்லை.

எனக்கு முதல் ஷாக் கடையில்தான் அடித்தது. ஐந்து எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார் ஒன்றுக்கு ஸ்டேட்டரில், அதாவது அதன் சுழலாத வெளிப்பாகத்தில், கம்பி இழுத்துக்கொண்டிருந்தேன். கண் முன்னால் லேசாக மங்கியது. வோல்டேஜ் குறைந்துவிட்டது என்று நினைத்து டியூப்லைட்டை நிமிர்ந்து பார்த்தேன். அதற்குள் மார்புக்குள் ஓர் அடி. உடம்பு ஸ்டூலிலிருந்து எழும்பி இறங்கியது, கையிலிருந்த மூங்கில் குச்சி எதிர்ச் சுவரில் போய் விழுந்தது, நான் போட்ட கத்தல் என் காதிலேயே விழுந்தது. 230 வோல்ட் விரலில் அடித்தால் கை தானாக உதறிக்கொள்ளும். இது உள்ளேயிருந்து வருவது, உதற இடமே இல்லை. கடைப் பையன் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினான். அடுத்து மூலையிலிருந்த காய்ந்த கழியை எடுத்துக்கொண்டு வந்து என்னைத் தள்ளிவிடப் பார்த்தான். கரண்ட் அடித்தவனை வெறுங்கையால் தொடக் கூடாது என்று அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். ஷாக் அடிக்கும்போது எங்களைத் தொடலாம், தொட்டவருக்கு அதிகம் போனால் ஒரு சுருக் இருக்கும், ஆபத்து கிடையாது என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாதே.

மருத்துவமனைக்கு போன் செய்தோம். வரவேற்பில் இருந்த பெண் அவசர சிகிச்சைக்கு வரச் சொன்னார். ஆட்டோ, இசிஜி, ரத்தப் பரிசோதனை, ஓரிரவு ஐ.சி.யு., அதற்கொரு பில். மறுநாள் கம்பெனிப் பையன் வந்து, பெட்டிக்கு மேலே ஒரு கருவியை வைத்து, லேப்டாப் மாதிரி ஒன்றில் பதிவைப் பார்த்துவிட்டு, "மெஷின் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது அங்கிள், உங்களைக் காப்பாற்றியிருக்கிறது" என்றான். அவன்தான் அன்று முதல்முறையாக விதியையும் சொன்னான். ஒரே ஒரு ஷாக் அடித்து, அதன் பிறகு உடம்பு நன்றாக இருந்தால் பதற வேண்டாம். போன் செய்து சொல்லிவிட்டு ஓரிரு நாளில் போய்ப் பதிவைப் பார்த்துக்கொள்ளலாம். அடுத்தடுத்து இரண்டு, மூன்று அடித்தாலோ, ஒன்றே அடித்தாலும் மயக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி இருந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நாலு வரிச் செய்தி. டிஸ்சார்ஜ் சீட்டின் பின்பக்கம் காலியாகத்தான் இருந்தது.

இன்னொரு முறை அடித்ததைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அது நம் ஊருக்கே உரிய ஆபத்து. அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில், குழாயைத் தொட்டால் விறுவிறுக்கிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். ஈரத் தரை. ஸ்டார்ட்டர் பெட்டிக்கு அருகே போய்க் குழாயில் கை பட்டதும் விரலில் விறுவிறுப்பு, சில விநாடிகளில் மார்பில் அடி. இந்த முறை கண் மங்கவில்லை, தலை சுற்றவில்லை. செக்கப்பில் திரையைப் பார்த்தேன். என் துடிப்பு ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறது, அதற்கு மேலே நெருக்கமாக, லைன் மின்சாரத்துக்கே உரிய 50 சைக்கிள் கோடுகள். கம்பெனிப் பையன் வாய் திறக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. எர்த் சரியில்லாத மோட்டாரின் கசிவு மின்சாரத்தை மெஷின் இதயத்தின் வேகத்துடிப்பு என்று எண்ணிவிட்டது. மற்றவர்கள் 'லேசாக விறுவிறுக்கிறது' என்று விட்டுவிடுகிற கசிவு, எங்களுக்கு 700 வோல்ட்டாகத் திரும்பி வரும்.

ஆகவே ஐ.சி.டி. வைத்தவர் வீட்டில் இருந்தால், முதலில் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வாட்டர் ஹீட்டர், வாஷிங் மெஷின், போர்வெல் மோட்டார் மூன்றும் முக்கியம். மின்சாரம் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இல்லாவிட்டால் உடனே போடச் சொல்லுங்கள். செல்போனை அரை அடி தள்ளி வைத்தால் போதும். இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நின்றால் போதும். வெல்டிங் மெஷின் பக்கம் டாக்டரைக் கேட்காமல் போகவே கூடாது. என் கடையில் ஆர்மெச்சர் சோதிக்கும் மின்காந்தக் கருவியான குரோலரை நான் தொடுவதில்லை, பையன்தான் பார்க்கிறான். மருத்துவமனைகள் செல்போனைப் பற்றிப் பத்துத் தடவை சொல்கின்றன, எர்த்தைப் பற்றி ஒரு தடவையும் சொல்வதில்லை. வெளிநாட்டுக் கையேட்டை அப்படியே நம்பினால் இதுதான் நடக்கும். அந்த ஊர்களில் ஈரக் காலோடு நின்று எர்த் இல்லாத ஸ்டார்ட்டரைத் தொடுகிறவர்கள் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்?

அடையாள அட்டையின் கதை வேறு. மதுரை மீனாட்சியம்மன் கோயில் வாசலில் சோதனைக் கருவியை மார்புக்கு நேராகக் கொண்டுவந்த காவலரிடம் அட்டையை நீட்டினேன். கையில் பிடித்திருக்கும் அந்தக் கருவியை மெஷினுக்கு மேலே காட்டிக்கொண்டே இருக்கக் கூடாது. அவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்னங்க, ஏ.டி.எம். கார்டா?" என்றார். அவர்மேல் குற்றம் இல்லை. அட்டையில் தமிழில் ஒரு வரி இருந்திருந்தால் பின்னால் நின்ற கூட்டம் என்னை முறைத்திருக்காது.

அடி ஒரு நொடிதான். அதற்காகக் காத்திருப்பதுதான் கொடுமை. முதல் ஷாக்குக்குப் பிறகு பல நாட்கள் குளியலறைக் கதவைத் தாழிடாமல் குளித்தேன். என் மனைவி தூக்கத்தில்கூட என் மார்பில் கையை வைத்தபடியே இருப்பாள். கடையில் கனமான ஸ்டேட்டரைத் தூக்கும்போதெல்லாம் துடிப்பு ஏறுகிறதா என்று மனம் எண்ண ஆரம்பித்துவிடும். ஓர் இரவு ஷாக் அடித்து எழுந்து உட்கார்ந்தேன், வேர்த்துக் கொட்டியது. மறுநாள் போய்ப் பார்த்தால் மெஷினில் எந்தப் பதிவும் இல்லை. அடிக்காத ஷாக்! அங்கே புதிதாக வந்திருந்த இளம் பெண் மருத்துவர் சிரிக்கவில்லை. "இப்படி நிறையப் பேருக்கு வரும் ஐயா, உங்களுக்கு வலித்தது பொய்யில்லை" என்றார். பயத்துக்கும் தூக்கமின்மைக்கும் வைத்தியம் உண்டு என்று சொல்லி, மனநல மருத்துவர் ஒருவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். தேவையில்லாத ஷாக்குகளைக் குறைக்க மெஷினின் அமைப்பையும் மாற்ற முடியுமாம். துடிப்பு இன்னும் வேகமாகும் வரை பொறுத்திருந்து அடிக்கும்படி வைத்தால் தவறான ஷாக்குகள் குறைகின்றன, இறப்பும் குறைகிறது என்று 2012இல் வந்த ஒரு பெரிய ஆய்வைப் பற்றிச் சொன்னார். என் மெஷினையும் அப்படி மாற்றினார். கால் மணி நேர வேலை. இப்படி ஒரு வசதி இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

செக்கப் வரிசையில் பலவிதமான மனிதர்களைப் பார்க்கிறேன். தனியார் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர், இப்போது அதே கம்பெனியில் டிக்கெட் கணக்குப் பார்க்கிறார், பாதிச் சம்பளம். பயணிகள் வாகனம் ஓட்டக் கூடாது என்பது பல நாடுகளில் உள்ள மருத்துவ விதி, நியாயமும்கூட. ஆனால் மெஷின் வைப்பதற்கு முன் அதை அவரிடம் யாரும் பேசவில்லை என்பதுதான் அவருடைய ஆத்திரம். கால்பந்து ஆடும் ஒரு கல்லூரி மாணவன் டென்மார்க்கின் எரிக்சனைப் பற்றி எங்களுக்கெல்லாம் சொன்னான். 2021 ஜூனில் ஐரோப்பியக் கோப்பை ஆட்டத்தில் மைதானத்திலேயே சாய்ந்தவர், இதே கருவியை வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டு பிப்ரவரியில் மறுபடி ஆட வந்துவிட்டார். அவர் ஆடிவந்த இத்தாலியில் விதி அனுமதிக்கவில்லை என்று இங்கிலாந்துக்குப் போய் ஆடினார். "அவர் விழுந்தால் அவரோடு போயிற்று தம்பி, நான் விழுந்தால் பின்னால் ஐம்பது பேர்" என்றார் பஸ்காரர். பரம்பரை இதயத் தசை நோயுள்ள ஒரு பெண், எந்த வெயிலிலும் துப்பட்டாவை இடது தோளிலிருந்து எடுக்க மாட்டாள். அந்த மேடு வெளியே தெரிந்தால் வரன் தட்டிப்போகும் என்று அவளுடைய அம்மாவுக்குப் பயம். இன்னொரு பெரியவர், தினமும் காலையில் ஒரே நேரத்தில் வீட்டில் ஏதோ 'பீப்' சத்தம் கேட்கிறது என்று பழைய கடிகாரங்களையெல்லாம் பேட்டரி கழற்றிப் போட்டிருக்கிறார். கடைசியில் பார்த்தால் சத்தம் அவர் மார்பிலிருந்து. பேட்டரி தீரப்போகிறது என்று சில மெஷின்கள் அப்படித்தான் அறிவிக்குமாம்.

இனிச் சொல்லப்போவது எழுதச் சங்கடமானது. ஆனாலும் எழுத வேண்டும். எங்கள் வரிசையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். கடைசிக் காலத்தில் புற்றுநோயும் வந்து, இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உயிர் பிரிகிற நேரத்தில் இதயம் தாறுமாறாகத் துடிப்பது இயல்பு. மெஷினுக்கு அது தெரியாது. அது தன் கடமையைச் செய்தது, மறுபடியும் மறுபடியும். அவருடைய மகன் என்னிடம் சொல்லும்போது, "அப்பா ஒவ்வொரு தடவையும் கண் திறந்து எங்களைப் பார்த்தார் அண்ணா" என்றார். அந்த ஷாக் செயல்பாட்டை மட்டும் முன்கூட்டியே நிறுத்திவைக்க முடியும் என்பது அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. மருத்துவமனையின் கருவியால் சில நிமிடங்களில் நிறுத்திவிடலாம். வலியும் இல்லை, அறுவை சிகிச்சையும் இல்லை. அதற்கும் நேரமில்லை என்றால், வளைய வடிவக் காந்தம் ஒன்றைப் பெட்டிக்கு மேலே வைத்து பிளாஸ்திரி போட்டு ஒட்டினால், பெரும்பாலான ஐ.சி.டி.க்கள் ஷாக் கொடுப்பதை நிறுத்திவிடும். நிறுத்தினால் இதயம் நின்றுவிடாது, ஷாக் மட்டும்தான் நிற்கும். அந்தக் காந்தம் ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் 108 ஆம்புலன்ஸிலும் இருந்தால் என்ன? தவறான ஷாக் அடுத்தடுத்து அடிக்கும்போது மருத்துவர் கையில் அதுவே கைகண்ட உதவி. நான் என் விருப்பத்தை மனைவியிடமும் மகனிடமும் சொல்லி, மருத்துவரின் பதிவேட்டிலும் எழுதச் சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகும் ஒரு விஷயம் உண்டு. தகனத்துக்கு முன் பெட்டியை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் சூட்டில் பேட்டரி வெடிக்கும். மயான ஊழியர்கள் கேட்காவிட்டாலும் குடும்பத்தார் சொல்ல வேண்டும். எடுத்த பெட்டி என்ன ஆகிறது? பெரும்பாலும் குப்பைதான். ஆனால் மும்பையில் ஒரு மருத்துவமனையில், அமெரிக்காவில் எடுக்கப்பட்ட ஐ.சி.டி.க்களைக் கிருமிநீக்கம் செய்து, வாங்க வசதியில்லாத 81 நோயாளிகளுக்குப் பொருத்தியிருக்கிறார்கள். அந்த அனுபவத்தை 2012இல் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். கிருமித்தொற்று இல்லை, பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்தப் பழைய மெஷின் தேவையான நேரத்தில் சரியாக வேலை செய்திருக்கிறது. பழைய மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றிப் பிழைக்கிறவன் என்பதால், எனக்கு இதில் வியப்பில்லை. சட்டமும் பாதுகாப்பும் பார்த்து இதை ஒழுங்காகச் செய்ய ஒரு வழி காணலாமே என்ற ஆதங்கம் மட்டும் உண்டு. ஏனென்றால் பேட்டரி தீர்ந்தால் பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது, பெட்டியையே மாற்ற வேண்டும். ஏழெட்டு ஆண்டுக்கோ பத்து ஆண்டுக்கோ ஒருமுறை லட்சக்கணக்கில் செலவு. ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு உச்ச விலை வைத்தது. இந்தக் கருவிக்கும் அப்படிக் கேட்டு எழுத வேண்டும். அது தனிக் கடிதம்.

இப்போது கேட்பது பணச் செலவில்லாதது. மெஷின் வைக்கும் ஒவ்வொரு மருத்துவமனையும் டிஸ்சார்ஜுக்கு முன் அரை மணி நேரம், நோயாளியோடு வீட்டில் இருப்பவரையும் சேர்த்து உட்காரவைத்துத் தமிழில் பேச ஓர் ஆளை நியமிக்கட்டும். முடிந்தால் பழைய நோயாளி ஒருவரையும் கூப்பிடுங்கள். நான் கடையைச் சாத்திவிட்டு வரத் தயார். ஷாக் அடித்தால் என்ன செய்வது, இரவில் யாரைக் கூப்பிடுவது, எர்த், வேலை, வண்டி, கடைசிக் காலம் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள், பெரிய எழுத்தில். அட்டையில் தமிழில் ஒரு வரி சேருங்கள். மாவட்டத்தில் அரசு மருத்துவமனைகளைக் கவனிக்கும் அதிகாரிகள் மனம் வைத்தால் காந்தத்துக்கும் ஒரு வழி பிறக்கும்.

தங்கள் நாளிதழும் அடுத்த முறை சால்வைப் படம் போடும்போது, அந்தப் பெட்டியை ஓர் ஆண்டு சுமந்தவரிடமும் இரண்டு கேள்வி கேட்டுப் போட்டால் நன்றாக இருக்கும்.

என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்கு வந்தது மாரடைப்பால் ஆனது, பரம்பரை நோய் அல்ல. ஆனாலும் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம், எங்கள் பக்கத்து உறவினர்களிடம் இந்த வித்தியாசத்தை விளக்கி முடிப்பது மெஷினைவிடக் கஷ்டம். முகவரியும் செல்போன் எண்ணும் தங்கள் பார்வைக்கு மட்டும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மோட்டார் வைண்டிங் தொழிலாளி,
கணபதி, கோவை.